அசோலா பாட்டியும் ஆறுமணிக் குருவியும்

டில்லிவாழ் தமிழர்களிடம் இந்நகரத்தில் பார்க்கத்தக்க இடங்கள் யாவை என்று கேட்டால், செங்கோட்டை, குதுப் மினார், ராஷ்டிரபதி பவன், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஐந்தாவது விரலில் சற்றுத் தயங்குவார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துக்கொண்டு இந்த நான்கையும் நாற்பது முறை சுற்றிக் காலும் சலித்திருக்கும், கண்ணும் சலித்திருக்கும். ஆனால் இதே நகரத்தின் தென் எல்லையில் குன்றும் பள்ளமும் நீர்நிலையும் முட்காடுமாக 32.71 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அங்கே மயில் அகவும், நரி ஊளையிடும், சிறுத்தை நடமாடுவதைத் தானியங்கிக் காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன. இது நம்மில் பலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்வரை நமக்கும் தெரியாது என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அச்சரணாலயத்தின் பெயர் அசோலா பாட்டி. நம் குழந்தைகள் இப்பெயரை முதன்முதலில் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். "யார் வீட்டுப் பாட்டி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அசோலாவும் பாட்டியும் அடுத்தடுத்துள்ள இரண்டு கிராமங்களின் பெயர்கள் என்று விளக்கிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அன்று பகல் திரும்பி வரும்போது அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்று பெரியவர்களாகிய நாங்களே வியக்கும்படி ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

மலை உண்டு, தெரிகிறதா?

டில்லி சமவெளி நகரம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது முழு உண்மையன்று. குஜராத்தில் தொடங்கி ராஜஸ்தானத்தை ஊடறுத்து வடகிழக்காக ஓடிவரும் ஆரவல்லி மலைத்தொடரின் கடைசி வால் டில்லியில்தான் முடிகிறது. உலகின் மிகப் பழமையான மடிப்பு மலைகளில் ஒன்று ஆரவல்லி. இமயமலை அதற்கு முன்னால் நேற்றுப் பிறந்த குழந்தை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் காற்றிலும் தேய்ந்து தேய்ந்து, இன்று அது கரடுமுரடான பாறைக் குன்றுகளாக நிற்கிறது. டில்லிவாசிகள் அதை 'ரிட்ஜ்' என்பார்கள். மலை மந்திரில் நம் முருகப் பெருமான் எழுந்தருளியிருக்கும் குன்றும் இந்தப் பாறைக் குடும்பத்தைச் சேர்ந்ததே. குன்றிருக்கும் இடமெல்லாம் குமரனிருக்கும் இடம் என்று நம்மவர்கள் தேர்ந்தெடுத்ததில் பூகோளப் பொருத்தமும் இருக்கிறது!

துக்ளகாபாத் கோட்டையைத் தாண்டித் தெற்கே சென்றால் இக்குன்றுகள் அகன்று விரிகின்றன. அங்கேதான் 1986-ம் ஆண்டில் அசோலாவையும் அண்டைக் கிராமங்களையும் சேர்ந்த பொது நிலங்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 1991-ல் பாட்டி கிராமத்து நிலமும் அதனுடன் இணைந்தது. 1994-ல் டில்லியின் ரிட்ஜ் முழுவதிலுமாக 7,777 ஹெக்டேர் நிலம் ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது.

பறவைகளைப் பொறுத்தவரை டில்லி பாக்கியம் செய்த நகரம். உலகத் தலைநகரங்களுள் ஆப்பிரிக்காவின் நைரோபிக்கு அடுத்தபடியாக அதிக வகைப் பறவைகள் காணப்படுவது டில்லியில்தான் என்று பறவை அன்பர்கள் பெருமையோடு கூறுவார்கள். காரணம் வெளிப்படை. வடக்கே இமயம், மேற்கே பாலைவனம், ஊருக்கு நடுவே யமுனை, தெற்கே ஆரவல்லி. நான்கு வகை நிலத்துப் பறவைகளும் சந்திக்கும் நாற்சந்தி இது. போதாக்குறைக்கு, மத்திய ஆசியாவிலிருந்து பனிக்காலத்தில் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் ஆகாய மார்க்கமும் இதன் வழியாகவே செல்கிறது.

ஆடி ஞாயிறு

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நான்கு குடும்பங்களாகப் புறப்பட்டோம். முதல் மழை பெய்து புழுதி அடங்கியிருந்தது. விடியுமுன் எழுந்து, தெர்மாஸில் காப்பியும் வாழை இலைக்குப் பதிலாகக் காகிதத்தில் கட்டிய புளியோதரையுமாக மோட்டாரில் ஏறினோம். குழந்தைகள் ஆறு பேர். பெரியவர்களில் ஒருவர், காவிரிக் கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து மகன் வீட்டில் தங்கியிருக்கும் எழுபத்தைந்து வயது அம்மாள்.

அவரைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். கணவர் காலமான பின், ஊரில் தனியே இருக்க வேண்டாம் என்று மகன் மூன்றாண்டுகளுக்கு முன் டில்லிக்கு அழைத்து வந்துவிட்டார். மூன்றாம் மாடியில் வீடு. அண்டை வீட்டாரின் ஹிந்தி அவருக்குப் புரியாது. அவருடைய தமிழ் அவர்களுக்குப் புரியாது. பேரனுக்குப் பாட்டியின் தமிழ் விளங்கும். ஆனால் பதில் ஆங்கிலத்தில் வரும். மகனும் மருமகளும் காரியாலயம் சென்று திரும்பும்வரை ஜன்னலோரத்தில் அமர்ந்திருப்பார். குறை சொல்லும் சுபாவம் இல்லை. ஆனால் நாளடைவில் பேச்சே குறைந்துவிட்டது. அன்று அவர் எங்களோடு வந்ததற்குப் பறவைகளின்மீது உள்ள ஆசை காரணமன்று. வீட்டில் தனியே விட்டுவர மனமில்லாமல் மகன் உடன் அழைத்து வந்தார், அவ்வளவே. "உங்களுக்கெல்லாம் என்னால் நடை தாமதமாகும்" என்று அவர் தயங்கியபடியே வந்தார்.

எங்களிடம் ஆயுதங்களுக்குக் குறைவில்லை. இரண்டு பைனாகுலர்கள், படங்கள் நிறைந்த ஒரு தடித்த புத்தகம். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேரனுடைய கைப்பேசியில் ஒரு விநோதக் கருவி. பறவையின் குரலைக் கேட்டதும் அதன் பெயரை அது ஆங்கிலத்தில் எழுதிக் காட்டிவிடும். பதினோரு வயதுச் சிறுவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு தளபதியைப் போல முன்னே நடந்தான்.

கல்லும் மண்ணுமான பாதையில் நூறடி வைப்பதற்குள் தலைக்கு மேலே ஒரு கூக்குரல். பறவை ஒன்று வட்டமிட்டுப் பறந்து எங்களை வைதுகொண்டே போயிற்று. சிறுவன் கைப்பேசியைப் பார்த்து, "ரெட் வாட்டில்ட் லாப்விங்!" என்று அறிவித்தான்.

பின்னாலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது: "ஆள்காட்டிக் குருவி ராசா அது. ஆள் வருது, ஆள் வருதுன்னு காட்டுக்கெல்லாம் சொல்லிட்டுப் போவுது."

சிறுவன் திரும்பிப் பார்த்தான். "அப்பாயி, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். தமிழிலேயே கேட்டான் என்பதை நாங்கள் கவனித்தோம்.

ஒரே குரல், பல மொழி

அதன் பின் நடந்ததை என்னவென்று சொல்வது! கைப்பேசி ஒரு பெயரைச் சொல்லும். பாட்டியம்மாள் மற்றொரு பெயரைச் சொல்லுவார். புதருக்கடியில் கூட்டமாகச் சலசலத்த பழுப்பு நிறப் பறவைகள் தவிட்டுக் குருவிகள். எப்போதும் ஏழெட்டாகவே திரிவதால் வடநாட்டார் அவற்றை ஏழு சகோதரர்கள் என்பார்கள். நீண்ட வாலை ஆட்டிக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது வால்காக்கை. கம்பியில் அமர்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு மீண்டும் அதே இடத்துக்கு வந்த பச்சைப் பறவை பஞ்சுருட்டான். தலையில் விசிறி விரித்து மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது கொண்டலாத்தி. வரும் வழியில் மின் கம்பத்தின் மேல் கண்ட நீலச் சிறகுப் பறவையை நாங்கள் வர்ணித்தபோது, "பனங்காடை" என்றார் உடனே. பனை மரமே இல்லாத இந்த ஊரில் பனங்காடை! இவ்வூரார் அதனை நீலகண்டம் என்று போற்றி, தசராவன்று காண்பது சுபம் என்று கருதுகிறார்கள். பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது, பறவை ஒன்றுதான்.

சற்றுத் தொலைவில் ஒரு குரல், படிப்படியாக ஏறி ஏறி உச்சிக்குப் போய் அறுந்து விழுந்தது. மீண்டும் தொடங்கிற்று. இதன் பெயரைப் பற்றி ஒரு சபையே கூட்டலாம். ஹிந்திக்காரர்களுக்கு அது "பீ கஹாங்", அதாவது "என் காதலன் எங்கே?" என்று கேட்பதாகத் தோன்றும். மராட்டிய விவசாயிக்கு, "விதை விதைக்கத் தொடங்கு" என்று கட்டளையிடுவதாகக் கேட்கும். இந்நாட்டு வெயிலில் வெந்த ஆங்கிலேயருக்கோ, "மூளைக் காய்ச்சல், மூளைக் காய்ச்சல்" என்று பிதற்றுவதாகப் பட்டது. நம்மவர்கள் காதில் அது "அக்கா, அக்கா" என்று ஒலித்தது. அக்கா குயில் என்றே பெயரிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மொழியாரும் தத்தம் மனத்திலுள்ளதையே பறவையின் வாயில் கேட்கிறார்கள் போலும்.

கறுப்பும் வெள்ளையுமாக, கொண்டை நிமிர்ந்த ஒரு குயில் எங்களுக்கு எதிரே முள்மரத்தில் வந்து அமர்ந்தது. இதுவே சாதகப் பட்சி. தமிழில் சுடலைக் குயில். மழைத்துளியை மட்டுமே உண்டு வாழ்வதாகக் கவிகள் பாடியது இதைத்தான். உண்மையில் அது கம்பளிப்புழுக்களை உண்டு சௌக்கியமாகவே வாழ்கிறது. ஆனால் மழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பது பொய்யன்று. தென்மேற்குப் பருவக் காற்றோடு ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வட இந்தியாவுக்கு வருகிறது. இங்கே தவிட்டுக் குருவியின் கூட்டில் முட்டையிட்டு, வளர்க்கும் பொறுப்பை அதன் தலையில் சுமத்திவிடுகிறது. தென்னாட்டில் ஆண்டு முழுவதும் நிலையாக வாழும் சுடலைக் குயில்களும் உண்டு. ஒரே குலத்தில் ஊரோடு இருப்போரும் உண்டு, கடல் கடப்போரும் உண்டு. நம் குடும்பங்களில் இல்லையா?

"எங்கே போகிறதென்று தெரியாது"

பாதை ஒரு திருப்பத்தில் பள்ளத்தை நோக்கி இறங்கிற்று. இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். அடியில் அடர்ந்த புதர். வானம் மேகமூட்டமாக இருந்தது. அப்போது புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழுந்தது: தெளிவான, உருண்ட குரல். சிறிது இடைவெளி விட்டு மீண்டும் அதே இரட்டைச் சீழ்க்கை.

பாட்டியம்மாள் நின்றுவிட்டார். மகன், மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து அருகில் ஓடினார். அவர் கையை உயர்த்தி எல்லோரையும் பேசாதிருக்கச் சொன்னார்.

"ஆறுமணிக் குருவி" என்றார்.

கைப்பேசியும் அதையே ஆங்கிலத்தில் சொல்லிற்று: இந்தியன் பிட்டா. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தவறாமல் குரல் கொடுப்பதால் நம் நாட்டில் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். மேகம் மூடிய நாட்களில் மணிக்கணக்குப் பாராமலும் கூவும். வடநாட்டார் நவரங்கம் என்பார்கள். பச்சை முதுகு, நீலத் தோள், பழுப்பு மார்பு, சிவந்த அடிவயிறு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை என்று அத்தனை வர்ணங்களையும் ஒரு சாண் உடம்பில் வைத்துக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் சருகுக்குள் குதித்துத் திரிவது அதன் வழக்கம்.

பாட்டியம்மாள் மெதுவாகச் சொன்னார்: "நம்ம வீட்டுக் கொல்லையில மூங்கில் புதர் இருந்துச்சு. புரட்டாசி பொறந்து மழை கட்டுனா வந்துடும். தை, மாசியெல்லாம் அங்கதான் இருக்கும். கூப்பிடுறது கேட்டுத்தான் உங்க தாத்தா மாட்டுக்கு வைக்கோல் போட எழுந்திருப்பாரு. சித்திரை வந்தா காணாமப் போயிடும். எங்க போவுதுன்னு அவரைக் கேட்டிருக்கேன். அவருக்கும் தெரியாது."

பிறகு பள்ளத்தைப் பார்த்தார். "இங்கதான் வந்துடுதா!" என்றார்.

பறவை நூல்கள் கூறுவதும் அதுவே. ஆறுமணிக் குருவி தமிழகத்திலும் இலங்கையிலும் பனிக்காலத்தைக் கழிக்கிறது. கோடையில் வடக்கே புறப்பட்டு, இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. ஆரவல்லிக் குன்றுகளிலும் அதன் குரல் கேட்கிறது. மழை ஓய்ந்ததும் மீண்டும் தெற்கே பயணம். இரவில் பறந்து, களைத்துப்போய்த் தென்னாட்டு வீடுகளின் முற்றங்களிலும் தாழ்வாரங்களிலும் விழுந்து கிடப்பதும் உண்டு. நாம் பள்ளி விடுமுறைக்காகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தெற்கு நோக்கிச் செல்லும் அதே வேளையில் அது வடக்கு நோக்கி வருகிறது. அதற்கு இரண்டு ஊர்; இரண்டும் சொந்த ஊர். அன்று அந்தப் பள்ளத்தில் கூவிய குருவிதான் அவர் வீட்டு மூங்கிலில் தங்கியது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் ஐம்பது ஆண்டுக் கேள்வி ஒன்றுக்கு விடை கிடைத்துவிட்டது. அதைக் கேட்கக் கேள்வி கேட்டவரின் துணைவர்தாம் இல்லை.

நாங்கள் யாரும் அந்தக் குருவியைக் கண்ணால் காணவில்லை. அதற்காக எவரும் வருந்தவுமில்லை.

பள்ளம் எப்படி வந்தது?

இயற்கை குடைந்த பள்ளத்தாக்கு என்றே நாங்கள் முதலில் எண்ணினோம். அன்று, மனிதன் குடைந்தது. டில்லிக் கொத்தனார்களிடம் 'பதர்பூர்' என்று கேட்டால் செந்நிறக் கல்மணல் கொண்டுவந்து கொட்டுவார்கள். பல்லாண்டுகள் அது தோண்டி எடுக்கப்பட்ட இடங்களுள் பாட்டிச் சுரங்கம் முக்கியமானது. சுதந்திரத்துக்குப் பின் டில்லி நகரம் வீங்கிப் பெருத்தபோது இக்குன்றுகளின் வயிறு குடையப்பட்டது. நாம் வாழும் குடியிருப்புகளின் சுவரிலும் இம்மலையின் துணுக்குகள் கலந்திருக்கக்கூடும். தோண்டியவர்கள் யார்? தேசப் பிரிவினையின்போது சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து அகதிகளாக வந்த 'ஓட்' என்னும் மண்வேலை செய்யும் சமூகத்தார் பலர் அங்கே குடியேறினர். நம் நாட்டில் குளம் வெட்டிய ஒட்டர்களை நினைவூட்டும் தொழில், நினைவூட்டும் பெயருங்கூட. குடியேறியவர்களின் வியர்வையால் எழுந்த நகரம் இது என்பதைக் குடியேறியவர்களாகிய நாம் மறக்கலாகாது.

1990-களின் தொடக்கத்தில் சுரங்க வேலை நின்றது. கைவிடப்பட்ட குழிகளில் ஊற்றும் மழைநீரும் தேங்கின. இன்று அவற்றுள் சில நீல நிறத் தடாகங்கள். கரையில் முக்குளிப்பானும் மீன்கொத்தியும் காணலாம். 2000-ம் ஆண்டு முதல் பிராந்திய ராணுவத்தைச் சேர்ந்த சூழல் படையினர் அங்கே மரம் நட்டு வருகின்றனர்.

காட்டில் பெரும் பகுதியை ஒரு முள்மரம் கவ்விக்கொண்டிருக்கிறது. 'விலாயத்தி கீகர்' என்று வழிகாட்டி காட்டினார். "அடடா, நம்ம சீமைக் கருவேல்!" என்று எங்கள் கோஷ்டியிலிருந்த ராமநாதபுரத்து நண்பர் கூவிவிட்டார். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இம்மரத்தின் விதை 1877-ல் ஜமைக்காவிலிருந்து வரவழைக்கப்பட்டுச் சென்னை ராஜதானியின் கடப்பைச் சீமையில் விதைக்கப்பட்டது. டில்லி ரிட்ஜுக்கு அது பின்னரே வந்து சேர்ந்தது. வந்த இடத்தில் வேறெதையும் வளரவிடாத குணம் அதற்கு. குடியேறுவதில் தவறில்லை, குடியேறிய இடத்தில் மற்றவர்களுக்கு இடம் விடாமல் இருப்பதுதான் தவறு. அதன் நடுவிலும் வெள்வேலும் இலந்தையும் பலாசும் வேம்பும் ஆங்காங்கே நிற்பதைக் கண்டு பாட்டியம்மாள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். காட்டு மரங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதுபோல் இருந்தது.

இங்கே ஒரு சிறு விபத்தையும் சொல்லிவிட வேண்டும். புளியோதரைப் பொட்டலங்களைப் பாறைமேல் வைத்துவிட்டுத் தடாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பியபோது பொட்டலமும் இல்லை, பையும் இல்லை. மரத்தின் மேல் ஒரு வானரக் குடும்பம் நிதானமாக இலைக் கறிவேப்பிலையை ஒதுக்கிவைத்து உண்டுகொண்டிருந்தது. 2007-ல் நீதிமன்ற உத்தரவுப்படி டில்லி நகரத்துக் குரங்குகளைப் பிடித்து இச்சரணாலயத்தில்தான் விடத் தொடங்கினார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவையும் நகரத்திலிருந்து குடிபெயர்க்கப்பட்டவையே! குற்றம் எங்களுடையது, காட்டுக்குள் உணவைத் திறந்து வைத்திருக்கக் கூடாது.

எழுதி வைத்தவர்கள்

பறவை பார்ப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். டில்லியின் சரித்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. காந்தியடிகளின் நண்பரான ஹொரேஸ் அலெக்ஸாண்டர் என்னும் ஆங்கிலேயர் 1950-ல் டில்லிப் பறவை பார்ப்போர் சங்கத்தைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர். இந்திரா காந்தி அம்மையார் அதன் உறுப்பினர். உஷா கங்கூலி என்னும் அம்மையார் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த குறிப்புகளால் அமைந்த டில்லிப் பறவைகள் நூல் 1975-ல் வெளிவந்தது. டில்லிக்கு மேற்கே சுல்தான்பூரில் பறவைகள் திரளும் ஏரி ஒன்றைக் கண்டு மகிழ்ந்த பத்திரிகையாளர் பீட்டர் ஜாக்ஸன், அதைக் காக்க வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். பின்னர் அது சரணாலயமாயிற்று; 1991-ல் தேசியப் பூங்காவாகவும் உயர்ந்தது. ஒரு மனிதரின் பார்வை, ஒரு கடிதம். அதன் பயனை இன்றும் பறவைகள் அனுபவிக்கின்றன.

இவ்விஷயத்தில் தமிழர்களாகிய நாம் யாருக்கும் பின்தங்கியவர்களல்லர். வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளை, அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று கண்டறிந்த கிராமத்தார், சட்டம் வருமுன்பே வேட்டைக்காரர்களிடமிருந்து காத்தார்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் தாம் மறையும்வரை இயற்கைக் கட்டுரைகள் எழுதினார். தமிழிலும் அழகாக எழுதியவர் அவர்.

2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000-க்கு மேற்பட்ட சாதாரணப் பறவை அன்பர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளைக்கொண்டு தயாரிக்கப்பட்டது. நீண்டகாலப் போக்கை அறிய முடிந்த 338 வகைகளில் 60 சதவீதம் குறைந்திருக்கின்றன என்று அது கூறுகிறது. எழுதி வைத்தவர்கள் இருந்ததனால்தான் குறைந்தது என்பதே தெரிய வந்தது.

மலைக்கும் இதே நிலைமை. சரணாலய எல்லைக்கு அப்பாலும் ஆரவல்லி நெடுந்தூரம் செல்கிறது. 2025 நவம்பரில், சுற்று நிலத்தைவிட 100 மீட்டர் உயர்ந்தவற்றையே ஆரவல்லிக் குன்று எனக் கொள்ளும் வரையறையை உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. டில்லிப் பக்கத்துக் குன்றுகளில் பெரும்பாலானவை அவ்வளவு உயரமில்லாதவை. ஊரெங்கும் எதிர்ப்பு எழுந்தது. டிசம்பர் இறுதியில் நீதிமன்றமே தன் உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆறுமணிக் குருவி மலையை அளந்து பார்த்து இறங்குவதில்லை. அதற்கு வேண்டியது புதரும் சருகும் நிழலுமே.

போக விரும்பும் அன்பர்களுக்கு

மழைக்காலத்தில் சென்றால் மயிலின் ஆட்டத்தையும் சுடலைக் குயிலையும் காணலாம். கார்த்திகை முதல் மாசி வரை வடக்கிலிருந்து வரும் வாலாட்டிகளும் ஈப்பிடிப்பான்களும் சிறு கதிர்க்குருவிகளும் வந்து தங்கும். நீர்ப்பறவைகளைப் பார்க்கக் குளிர்காலத்தில் ஓக்லாவும் சுல்தான்பூரும் ஏற்ற இடங்கள். இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்துக்களை அங்கே காணலாம். அவ்வினத்தில் சில நெல்லைச் சீமைக் கூந்தங்குளம்வரை செல்கின்றன. நுழைவு நேரமும் அனுமதி முறையும் மாறுவதுண்டு, முன்கூட்டி விசாரித்துக்கொள்க. பளபளக்கும் உடை வேண்டாம். வழிகாட்டப்பட்ட பாதையை விட்டு விலக வேண்டாம். தண்ணீர் தவிர வேறு உணவு எடுத்துச் செல்ல வேண்டாம். காரணம் மேலே கூறினோம்!

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டிலுள்ள பெரியவர்களை அழைத்துச் செல்லுங்கள். கருவி பெயரைச் சொல்லும். அந்தக் குருவி எந்த மாதத்தில் எந்தக் கொல்லைக்கு வந்தது என்று அதற்குத் தெரியாது. அதை அறிந்தவர்கள் நம் மூன்றாம் மாடி ஜன்னல்களில் அமர்ந்திருக்கிறார்கள். நாம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அவர்களோடு அப்பெயர்களும் போய்விட்டால் எந்த நீதிமன்றத்தில் முறையிட்டு மீட்போம்?

அன்று வீடு திரும்பியதும் பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தி வகுத்தான். ஒன்றில் கைப்பேசி சொன்ன பெயர். மற்றொன்றில் அப்பாயி சொன்ன பெயர். முதல் நாள் பத்தொன்பது பறவைகள். தமிழ் எழுத்துக் கூட்டி எழுத அவனுக்குச் சிரமமாக இருந்தது. 'ற'கர 'ர'கரத்தில் தடுமாறினான். பாட்டியம்மாள் அருகில் அமர்ந்து திருத்தினார். இப்போது அந்தப் பட்டியல் நாற்பத்திரண்டில் நிற்கிறது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து மட்டும் பதினான்கு.

தமிழகத்தில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். ஒரே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று கண்டதைக் குறித்தால் போதும். வரும் பொங்கலன்று நம் சங்கக் குடும்பங்கள் மாடியிலிருந்தோ பூங்காவிலிருந்தோ அதைச் செய்யலாமே என்பது நம் யோசனை. தை மாதத்தில் ஆறுமணிக் குருவி இங்கே இராது. ஊரிலுள்ள உறவினர்கள் தம் கொல்லையில் அதைக் கேட்டு எழுதட்டும். ஆடி பிறந்ததும் நாம் இங்கே கேட்டு எழுதுவோம்.